வேலி யாருக்காக? காவல் நிலையப் பாதுகாப்பு நிதியும் நமது கேள்விகளும்

(ஜொகூர் பாருவில் நடைபெற்ற சமூகக் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



காவல் நிலையங்களின் பாதுகாப்பை மேம்படுத்த ஒதுக்கப்படும் பணத்தைப் பற்றிப் பேசும்படி ஏற்பாட்டாளர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைப் பார்த்ததும் ஒரு நண்பர், "என்னங்க, தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், குடியுரிமை என்று நமக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கிறது. வேலியும் கேமராவும் போலீஸ்காரர்கள் பிரச்சினை அல்லவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அரை மணி நேரம் பொறுமையாகக் கேளுங்கள். அதன் பிறகும் இது நம் பிரச்சினை இல்லை என்று தோன்றினால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் உலு திராம். இங்கிருந்து அதிக தூரமில்லை. உங்களில் பலர் அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவர்கள். 2024 மே 17-ஆம் தேதி, அதிகாலை 3 மணிக்குச் சற்று முன்பு, பாராங் கத்தியோடு வந்த ஒருவன் உலு திராம் காவல் நிலையத்தில் கடமையில் இருந்தவர்களைத் தாக்கினான். ஒரு காவலரை வெட்டிக் கொன்றான். அவருடைய துப்பாக்கியை எடுத்து இன்னொருவரைச் சுட்டுக் கொன்றான். மூன்றாவது காவலர் காயப்பட்ட நிலையிலும் திருப்பிச் சுட்டு அவனை வீழ்த்தினார். இறந்த இருவருக்கும் வயது 22, 24. நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியை முடித்து வேலை தேடுகின்ற வயது. ஜெமா இஸ்லாமியா தொடர்பு இருக்கலாம் என்று காவல்துறை முதலில் சொன்னது. பிறகு உள்துறை அமைச்சர், தாக்கியவன் தனியாகச் செயல்பட்டதாக விளக்கமளித்தார். ஜூன் மாதத்தில் அவனுடைய குடும்பத்தினர் ஐவர் மீது ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு இளைஞர்களின் மரணம் நமக்கும் துக்கம்தான். உரிமை பேசுகிறவர்கள் என்பதற்காக நாம் காவலரின் உயிரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் அல்ல. காவல்துறையில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் காலகட்டத்தில் ஜொகூர் மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்தவரே எம். குமார்தான். இரவு நேரத்தில் இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஒழுங்கான வேலி கூட இல்லாமல் ஒரு நிலையம் இயங்க வேண்டியிருந்தால், அங்கே வேலை செய்பவர்கள் பாதுகாப்புக் கேட்பது நியாயம். அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்குவதும் நியாயம். எங்கள் கேள்வி அதற்கு அடுத்த இடத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் பணத்தில் கட்டப்படுவது யாருக்கான பாதுகாப்பு?

ஜொகூருக்கு இது புதிய அனுபவமும் அல்ல. மூவார் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கெப்போங் காவல் நிலையம் 1950 பிப்ரவரி 23-ஆம் தேதி விடியற்காலையில் கம்யூனிஸ்டுகளால் தாக்கப்பட்டது. பலகையால் கட்டிய நிலையம். காவலர்களும், அவர்களோடு அங்கேயே வசித்த குடும்பத்தினர் சிலரும் உயிரிழந்தார்கள். 1981-இல் அது திரைப்படமாகவும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான்.

ஆனால் அதே ஆண்டில் தொடங்கிய இன்னொரு வேலியைப் பற்றி யாரும் பாடம் நடத்துவதில்லை. பிரிக்ஸ் திட்டம் என்று சொல்வார்கள். சீனர்களுக்குப் புதுக்கிராமங்கள் என்றால், தோட்டத்துத் தமிழர்களுக்கு மறுகுழுவாக்கம். சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி போட்டு, ஒரு வாயிலை வைத்தார்கள். இரவானால் ஊரடங்கு. காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாயிலில் சோதனை செய்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதால் மத்தியானச் சோற்றை வெளியே கொண்டு போகத் தடை இருந்த காலமும் உண்டு. இந்த அவையில் வெள்ளை முடியோடு உட்கார்ந்திருக்கும் சிலருக்கு அது தாத்தா பாட்டி சொன்ன கதை. அந்த வேலி தொழிலாளர்களின் பாதுகாப்புக்கு என்றுதான் சொன்னார்கள். ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் அதே வேலிதான் அவர்களைப் பட்டினியோடு வேலை வாங்கியது, சங்கக் கூட்டத்துக்குப் போக விடாமல் நிறுத்தியது. ஆகவே "பாதுகாப்புக்காக வேலி" என்று யாராவது சொன்னால், அதன் வாயிலில் யார் நிற்கிறார், யாரைச் சோதிக்கிறார் என்று கேட்பது நம் இரத்தத்தில் ஊறிய பழக்கம். அதை விட்டுவிடத் தேவையில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். யாருடைய பணம்?

நம் மக்களிடம் ஒரு குழப்பம் உண்டு. காவல் நிலையம் நம் ஊரில் இருப்பதால் அதை ஊராட்சி மன்றம் பார்த்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம். வேறு சில நாடுகளில் அப்படித்தான். அமெரிக்காவில் மாவட்ட அரசாங்கமே நீதிமன்றம், சிறை, ஷெரிப் அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் கட்டி, அதன் பாதுகாப்புக்குத் தன் வரிப்பணத்தையே செலவழிக்கும். உள்ளூர்க்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று, ஏன் இவ்வளவு செலவு என்று கேட்கலாம். நம் நாட்டில் கதை வேறு. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி காவல்துறை, சிறை, நீதிமன்றம் எல்லாம் கூட்டரசுப் பட்டியலில் வருகின்றன. காவல் நிலையத்துக்கான பணம் உள்துறை அமைச்சின் வழியாகப் போகிறது. நீதிமன்றக் கட்டடங்களைப் பிரதமர் துறையின் சட்ட விவகாரப் பிரிவு கவனிக்கிறது. ஊராட்சி மன்றங்கள் மாநிலத்தின் கீழ் வருகின்றன. ஜொகூர் பாரு மாநகர் மன்றம் தெருவில் கேமரா பொருத்தலாம், விளக்குப் போடலாம். லாக்-அப்பில் கேமரா பொருத்துவது அதன் வேலையல்ல. அந்த மன்றத்தின் உறுப்பினர்களையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக முடித்துவைத்தது.

இதனால் என்ன ஆகிறது? ஆயர் மோலேக் சாலை நீதிமன்ற வளாகத்தில் ஒரு தாய் மகனைப் பார்க்க நாள் முழுவதும் காத்திருந்தால், அந்த வளாகத்தைப் பற்றிய முடிவு புத்ராஜெயாவில் எடுக்கப்படுகிறது. உலு திராமின் வேலி எவ்வளவு உயரம் என்பதும் அங்கேதான் முடிவாகிறது. நமக்கு இருக்கும் ஒரே நேரடிக் கதவு நாடாளுமன்ற உறுப்பினர். அந்தக் கதவை நாம் எதற்குத் தட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கு மானியம், விளையாட்டுப் போட்டிக்கு ஜெர்சி. தவறு என்று சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கான வெள்ளி உள்துறை அமைச்சுக்கு ஒதுக்கப்படும் நாளில் நம் உறுப்பினர் ஒரு வார்த்தை பேசினாரா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை.

அடுத்து 2005. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் விஷயம் இருக்கிறது.

2004-இல் அப்துல்லா படாவி அரசாங்கம் காவல்துறையைப் பற்றி விசாரிக்க அரச ஆணையம் ஒன்றை அமைத்தது. தலைவர், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின். 2005 மே மாதம் அறிக்கை வந்தது. 125 பரிந்துரைகள். அந்த அறிக்கை காவலர்களுக்கு எதிரானது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் தெரியும். காவலர்களின் சம்பளம், குடியிருப்பு, பழுதடைந்த நிலையக் கட்டடங்கள், போதாத கருவிகள் இவற்றைப் பற்றியெல்லாம் அது பேசுகிறது. கட்டமைப்பை மேம்படுத்தப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்கிறது. அதே அறிக்கைதான், காவல்துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்றும் கேட்டது. ஐபிசிஎம்சி என்று நாம் இத்தனை ஆண்டுகளாக முழங்கி வருகிறோமே, அது பிறந்த இடம் அதுதான். அந்த ஆணையத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். நல்ல கட்டடமும் நல்ல கண்காணிப்பும் சேர்ந்தால்தான் நல்ல காவல்துறை.

பிறகு என்ன நடந்தது? முதல் பக்கத்துக்குப் பணம் வந்தது. கூடக் குறைய இருக்கலாம், ஆனால் வந்தது. இரண்டாவது பக்கம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2009-இல் எல்லா அமலாக்க நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரு நேர்மை ஆணையச் சட்டம் வந்தது. 2011-இல்தான் அது செயல்படத் தொடங்கியது. 2019-இல் ஐபிசிஎம்சி மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆட்சி மாறியது. 2020-இல் அதை மீட்டுக்கொண்டு, பல் பிடுங்கிய ஐபிசிசி மசோதாவைக் கொண்டு வந்தார்கள். 2022-இல் நிறைவேறி, 2023 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அது விசாரிக்கும், ஆனால் தானே தண்டிக்காது. பரிந்துரையைக் காவல் படை ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். 18 ஆண்டுகள் காத்திருந்து வாங்கியது இது! வேலிக்கும் வாயிலுக்கும் இவ்வளவு காலம் யாரும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

சரி, உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பு என்கிறேனே, உள்ளே என்ன ஆபத்து? இந்த அவையில் அதற்கு விளக்கம் தேவைப்படாதவர்களே அதிகம். ஆனாலும் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள், சொல்லியாக வேண்டும்.

2009 ஜனவரி 20. சுபாங் ஜெயா, தைப்பான் காவல் நிலையம். கார் திருட்டுச் சந்தேகத்தில் விசாரிக்கப்பட்ட குகன் அங்கேயே இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பம் விடவில்லை. இரண்டாவது பரிசோதனை, உடல் முழுவதும் பட்ட காயங்களால் சிறுநீரகம் செயலிழந்ததைக் காட்டியது. 2013-இல் உயர் நீதிமன்றம் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி, 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. கணக்குப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அந்தப் பணமும் பாதுகாப்பு இல்லாததற்குக் கொடுத்த விலைதான். ஒரு தாய்க்கு அது விலையே இல்லை என்பது வேறு விஷயம்.

இது தமிழருக்கு மட்டும் நடப்பதும் அல்ல. நம் ஜொகூரிலேயே, 2014 நவம்பரில் பெங்கெராங் பகுதியில் கைதான ஒரு மலாய் இளைஞர் காவலில் இறந்தார். நேர்மை ஆணையம் விசாரித்து, காவல்துறையினர் பயன்படுத்திய வன்முறையே காரணம் என்று 2015-இல் அறிவித்தது. 2021 மே மாதம், சிம்பாங் ரெங்கம் சிறையில் குற்றத்தடுப்புச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டிருந்த 21 வயதுத் தமிழ் இளைஞர் குளுவாங் மருத்துவமனையில் இறந்தார். சிறை என்பது காவல்துறையின் கீழ் வராது, உண்மை. ஆனால் பணம் வருவது அதே உள்துறை அமைச்சிலிருந்துதான். அதே ஏப்ரல், மே மாதங்களில் கோம்பாக் காவல் நிலையத்தோடு தொடர்புடைய இரண்டு தமிழர் மரணங்கள் நாட்டையே உலுக்கின. மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடு அளவுதான். தடுப்புக் காவல் மரணச் செய்திகளில் நம் பெயர்கள் அந்த விகிதத்தைத் தாண்டி வருவதை நாளேடு படிக்கிறவர் யாரும் மறுக்க முடியாது.

எனவே "காவல் நிலையப் பாதுகாப்பு" என்ற தலைப்பில் பணம் ஒதுக்கப்படும்போது, வேலிக்கு உள்ளே இருக்கும் லாக்-அப்பும் அந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும் என்கிறோம். வெளியிலிருந்து வருகிறவனிடமிருந்து காவலரைக் காக்கும் கேமரா, காவலில் இருப்பவரையும் காக்கட்டும்.

கேமரா என்றவுடன் பலருக்குத் திருப்தி வந்துவிடுகிறது. "போட்டுவிட்டார்களே, இன்னும் என்ன?" அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டில் சாத்தான்குளம் என்று ஓர் ஊர், தூத்துக்குடி மாவட்டம். 2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கு. செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்ஸையும் அவருடைய தந்தை ஜெயராஜையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய் இரவு முழுவதும் அடித்தார்கள். சில நாள் கழித்து இருவரும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் நீதித்துறை நடுவர் அந்த நிலையத்துக்கு விசாரிக்கப் போனார். கேமரா இருந்தது. பதிவுக் கருவியும் இருந்தது. அதன் சேமிப்பகத்தில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள்! கேமரா வாங்கியதற்குக் கணக்கு இருந்தது, அந்த இரவுக்குப் படம் இல்லை. அங்கே பணியில் இருந்த தலைமைப் பெண் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல காவலர்களுக்கும் நாம் கேட்கும் பாதுகாப்பு தேவை என்பதற்கு அந்த அம்மையாரை விட வேறு சாட்சி வேண்டாம்.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்-அப், நடைபாதை, அதிகாரிகளின் அறை என்று ஓர் இடமும் விடாமல் கேமரா வேண்டும். இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லை என்றால் குறைந்தது ஓராண்டாவது. நடைமுறையில் அது முழுமையாக நடக்கவில்லை என்று அங்குள்ளவர்களே புகார் சொல்கிறார்கள். ஆனால் அளவுகோல் என்று ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நாம் கேட்பதற்கு அது உதவும்.

ஏன் 18 மாதம்? நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆவது பிரிவுப்படி, காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை நடத்தியாக வேண்டும். ஆனால் அது அடுத்த வாரமே தொடங்குமா? மாதங்கள் ஓடும், சில வழக்குகளில் ஆண்டுகளே ஓடும். சாதாரணப் பதிவுக் கருவி சில வாரங்களில் பழையதன் மேல் புதியதை ஏற்றிவிடும். மரண விசாரணை நீதிபதி "பதிவு எங்கே?" என்று கேட்கும் நாளில், "ஐயா, அது அழிந்துவிட்டது" என்று பதில் வரும். யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. ஆகவே, கடவுள் காப்பாற்ற வேண்டும், உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்துவிட்டால், இறுதிச் சடங்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே ஒரு வழக்கறிஞர் மூலம், பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்துமூலம் கடிதம் கொடுங்கள். கடிதம் வாங்கியதற்கு முத்திரை போட்டு ஒரு படியை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, பராமரிப்பு. கேமரா வாங்குவது மேம்பாட்டுச் செலவு. அதைப் பழுது பார்ப்பது நிர்வாகச் செலவு. திறப்பு விழாவுக்குப் படம் எடுக்க மேம்பாட்டுச் செலவுதான் வசதி. மூன்று ஆண்டு கழித்துக் கருவி பழுதானால் அதற்குத் தனியாகப் பணம் கேட்டு எழுத வேண்டும், வரும்வரை அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் எத்தனை கேமரா வாங்கினீர்கள் என்ற கேள்வியோடு நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நிறுத்தக் கூடாது. இன்றைய தேதியில் ஜொகூரின் லாக்-அப்புகளில் எத்தனை கேமரா வேலை செய்கிறது, விசாரணை அறையில் இருக்கிறதா, எத்தனை நாள் பதிவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

லாக்-அப் என்பது கேமராவோடு முடிந்துவிடும் விஷயமும் அல்ல. 2016-இல் சுஹாகாம், காவல்துறைக் காவலில் நேரும் மரணங்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்தது. உள்ளே வரும்போதே நோயோடு வருகிறவர்கள், மருந்து கிடைக்காதவர்கள், காற்றோட்டமில்லாத அறைகள், இவற்றையெல்லாம் அது பேசியது. நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா, இவை நம் சமூகத்தில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். எல்லா மரணமும் அடியால் வருவதில்லை. யாரும் அடிக்காமலேயே ஒரு மாத்திரை கிடைக்காமல் ஒருவர் இறக்கலாம். இன்சுலின் பையை வைத்துக்கொண்டு ஒரு நிலையத்தின் வாயிலில் மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை நின்ற ஓர் அம்மாவோடு நானும் நின்றிருக்கிறேன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. வாயிலில் இருந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். மருந்தை வாங்கி உள்ளே யாரிடம் கொடுப்பது என்பதற்கு அவரிடம் விதி இல்லை, அவ்வளவுதான். கடைசியில் பணி மாறி வந்த ஒரு சார்ஜன் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். ஒரு மனிதரின் நல்ல மனசை நம்பி ஓர் உயிர் இருக்கக் கூடாது. வாயிலைப் பலப்படுத்தும் பணத்தில், அந்த வாயிலிலேயே மருந்து வாங்கிப் பதிவு செய்ய ஒரு முகப்பு வைக்க எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

வாயிலைப் பற்றி இன்னும் ஒன்று. உலு திராமில் தாக்குதல் நடந்த நேரத்தில் இரண்டு கல்லூரி மாணவர்கள் புகார் கொடுக்க நிலையத்துக்கு வந்திருந்தார்கள். இந்த நேரத்தில் ஏன், அதுவும் பழைய சம்பவத்துக்கு ஏன் புகார் என்று சந்தேகப்பட்டு அவர்களையும் பிடித்து விசாரித்தார்கள். அன்றைய பதற்றத்தில் அது புரிந்துகொள்ளக் கூடியதே. வழக்கு வந்ததோ தாக்கியவனின் குடும்பத்தினர் மீதுதான். நான் சொல்ல வருவது என்னவென்றால், நள்ளிரவில் காவல் நிலையத்துக்கு வருவதே சந்தேகத்துக்குரிய செயல் என்ற மனநிலை கட்டடத்துக்குள் புகுந்துவிடக் கூடாது. குடித்துவிட்டு வந்த கணவனிடம் அடிபட்டு, கைக்குழந்தையோடு இரவு இரண்டு மணிக்கு ஓடி வருகிற பெண் பகலில் வர முடியாது. அவருக்கு மலாய் சரளமாக வராமலும் இருக்கலாம். உயர்ந்த இரும்புக் கதவு, ஒலிபெருக்கியில் ஒரு குரல், "என்ன வேண்டும்?" அவர் திரும்பிப் போய்விடுவார். பாதுகாப்பு மேம்பாட்டைத் திட்டமிடும்போது, இரவில் புகார் கொடுக்க வருகிறவர் பாதுகாப்பாகக் காத்திருக்க, வெளிச்சமும் இருக்கையும் கேமராவும் உள்ள ஓர் இடம் அதே வேலிக்குள் இருக்க வேண்டும். காவலரும் பத்திரமாக இருப்பார், வந்தவரும் பத்திரமாக இருப்பார்.

உறவினர்களுக்கும் அப்படியே. கைதானவர் விசாரணைக்கு முன்பு குடும்பத்தினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ள 28ஏ பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்று அரசியலமைப்பின் 5-ஆவது விதி சொல்கிறது. தடுப்புக் காவல் நீட்டிப்பின்போது இலவசமாக வாதாட 2012 முதல் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், வாயிலைத் தாண்ட முடியாத வழக்கறிஞர் என்ன செய்வார்? புதிய வாயிலுக்குப் புதிய விதிகள் எழுதுவார்கள். அந்த விதியில் வழக்கறிஞர் எப்படி உள்ளே போவார் என்பதும் எழுதப்பட வேண்டும்.

பிரிட்டனில் ஒரு ஏற்பாடு உண்டு. 1981-இல் லண்டன் பிரிக்ஸ்டனில் கறுப்பின இளைஞர்களுக்கும் காவல்துறைக்கும் பெரிய மோதல் நடந்தது. ஸ்கார்மன் பிரபு விசாரித்தார். அவருடைய பரிந்துரையிலிருந்து வந்ததுதான், சாதாரணக் குடிமக்கள் காவல் நிலைய லாக்-அப்பை முன்னறிவிப்பின்றிப் பார்வையிடும் முறை. 2002-இல் அதைச் சட்டமாக்கினார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற தாதி, கடைக்காரர் என்று இரண்டிரண்டு பேராகப் போவார்கள். சாப்பாடு கிடைத்ததா, மருத்துவர் பார்த்தாரா, போர்வை இருக்கிறதா என்று கேட்டு எழுதிக் கொடுப்பார்கள். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நம் சிறைகளுக்கு வருகை நீதிபதிகள் என்ற ஏற்பாடு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. தடுப்புக் காவல் இடங்களைப் பார்வையிட சுஹாகாமுக்கும் அதிகாரம் உண்டு. காவல் நிலையத்துக்கு ஊர் மக்களில் இருவர் போவது என்பது எட்டாத கனவு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் பேசினால், "இரண்டு காவலர்கள் இறந்த விஷயத்தில் இந்தியர்கள் அரசியல் செய்கிறார்கள்" என்று சொல்வார்களே என்று ஒரு பெரியவர் கவலைப்பட்டார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப் புகையை வாங்கியவர்களில் நம்மில் சிலரும் உண்டு. ஒரு மனுவைக் கையில் எடுத்தாலே தேசத் துரோகி என்ற பட்டம் வந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் நாம் கேட்பதில் எது காவலருக்கு எதிரானது? வேலை செய்கிற கேமரா, பொய்க் குற்றச்சாட்டிலிருந்து காவலரையும் காப்பாற்றும். இரவுப் பணிக்கு இன்னும் இரண்டு பேர் கூடுதலாக இருந்தால் உலு திராம் போன்ற நிலையத்துக்கும் நல்லது, லாக்-அப்பில் மூச்சுத் திணறுகிறவரைக் கவனிக்கவும் ஆள் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் நமக்கு வெட்கம் எதற்கு? ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதைத்தான் 2005-இலிருந்து பார்த்துவிட்டோமே.

இனிச் செய்ய வேண்டியது. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பு நிதி அமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அந்த இடத்தில் நம் குரல் ஆயிரம் கடிதமாகப் போக வேண்டும். மனுவின் வரைவைத் தமிழிலும் மலாயிலும் தயாரித்திருக்கிறோம். மலாய்ப் பிரதியை உங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார, சீன நண்பர்களுக்கும் காட்டுங்கள். பெங்கெராங்கில் இறந்தது அவர்களுடைய பிள்ளையும்தான். தெப்ராவ், பூலாய், கூலாய், பாசிர் கூடாங் வட்டாரங்களிலிருந்து வந்திருப்பவர்கள் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள், தனியாகப் போக வேண்டாம். மனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், உள்துறை அமைச்சுக்கான ஒதுக்கீடு குழு நிலையில் விவாதிக்கப்படும் நாளில் இந்தக் கேள்விகளைக் கேட்பாரா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்ற விவாதம் ஹன்சார்டில் வெளிவரும், பிள்ளைகளை விட்டு இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மனுவின் படிகள் பின்னால் மேசையில் இருக்கின்றன. தேநீருக்குப் போகும் முன் அதைப் படித்துப் பாருங்கள், எங்காவது வார்த்தை சரியில்லை என்று பட்டால் பேனாவால் திருத்தியே கொடுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், முதலில் அவர் பேசட்டும்.